தொழுநோய் நீங்கிய பின்னும் நீடிக்கும் நரம்பு வலி

மும்பை மாதுங்கா பகுதியில் 1890-ஆம் ஆண்டு, நகராட்சி ஆணையர் ஆக்வொர்த் என்பாரின் முயற்சியால், வீடற்ற தொழுநோயாளருக்கென ஒரு புகலிடம் நிறுவப்பெற்றது. உணவும் உறைவிடமும் புண்களுக்குக் கட்டும் தவிர அன்று அளிக்கத்தக்கது அதிகமில்லை. இன்று அந்நிலை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை, இப்பொழுது ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் முடிந்துவிடுகின்றது.

ஆயினும் கிருமி அழிந்தவுடன் நரம்பு பழைய நிலையை அடைந்துவிடுவதில்லை. டாக்டர் ஆர். கணபதி 1976-இல் தொடங்கிய பம்பாய் தொழுநோய்த் திட்டத்தின் மருத்துவர்களும் வெளிநாட்டு வல்லுநர்களும் மும்பையில், சிகிச்சையை முடித்த 101 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 22 பேருக்கு நரம்புச் சேதத்தால் எழும் வலி இருந்ததென 2011-இல் வெளியிட்டனர்.

தாராவியில் தோல் தைப்பவர் ஒருவர், "கை மரத்துப் போயிற்று, அதே கை எரிகிறது" என்று கூறினால், கேட்பவர் அதை நம்பத் தயங்குவது இயல்பே. ஆனால் இரண்டும் உண்மை. தொடுவுணர்வைக் கொண்டு செல்லும் இழைகள் அழிந்த நரம்பிலேயே, சிதைந்து எஞ்சிய இழைகள் தூண்டுதலின்றித் தாமாகவே வலிக் குறிப்புகளை மூளைக்கு அனுப்புகின்றன.

களப்பணியாளர் முதலில் அறிய வேண்டியது, வலி எவ்வகையைச் சேர்ந்தது என்பதாகும். முழங்கையின் உட்புறத்திலுள்ள நரம்பு வீங்கி, தொட்டால் நோகிறது, சிறுவிரல் அண்மையில்தான் வலுவிழந்தது எனில், அது நரம்பு அழற்சி, காலந்தாழ்த்தலாகாது. எழுதுகோலைப் பற்ற இயலாது விரல் தளரும் மாணவனைக் காணும் ஆசிரியருக்கும் இது பொருந்தும். ஆறு மாதத்திற்குட்பட்ட செயலிழப்பே பெரும்பாலும் மீளக்கூடியது. இதற்குரிய மருந்து பிரெட்னிசோலோன். நாளொன்றுக்கு நாற்பது மில்லிகிராம் அளவில் தொடங்கி, பல வாரங்களில் படிப்படியாகக் குறைப்பது வழக்கம். 2017-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்றில், 20 வாரச் சிகிச்சையைக் காட்டிலும் 32 வாரச் சிகிச்சை மேலான பயன் தரவில்லை. வலி தணிந்தது என்று நோயாளி தாமே நிறுத்திவிடுவது ஆபத்தானது. அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும் வேளையில் உடல் தளர்ந்து வீழக்கூடும். சீட்டின்றிக் கடையில் வாங்கி விழுங்குவதும் தீங்கே. சர்க்கரை ஏறும், மறைந்திருக்கும் காசநோய் தலைதூக்கும். நெரிசல் மிகுந்த தாராவியில் இப்பின்கூறிய அச்சம் சிறியதன்று.

வீக்கமும் புதிய பலவீனமும் இன்றி, ஆண்டுக்கணக்கில் தொடரும் எரிச்சல் மற்றொரு வகை. அதற்கு பிரெட்னிசோலோன் பயன்படாது. சாதாரண வலிமாத்திரைகளும் பெரிதும் உதவுவதில்லை. மருத்துவர் அமிட்ரிப்டிலினையோ காபாபென்டினையோ குறைந்த அளவில் தொடங்குவார். முன்னது மனச்சோர்வுக்கும் வழங்கப்படும் மருந்தாதலால், "எனக்குப் பைத்தியமா?" என்று நோயாளி மனம் புண்படுவதுண்டு. இதனை முன்னரே விளக்கிவிடுதல் நலம். தூக்கக் கலக்கமும் நாவறட்சியும் முதல் வாரத்திலேயே தோன்றும். பயனோ சில வாரங்கள் கழித்தே தெரியும். பலர் மருந்தைக் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். தோல் வெட்டும் கத்தியைக் கையாள்பவருக்குத் தூக்கக் கலக்கம் வெறும் தொல்லையன்று. ஆதலின் அவர் தொழில் இன்னதென்பதை மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

வலியைக் கண்டு நோய் திரும்பிற்று என அஞ்சி, அதை வீட்டாரிடமும் மறைப்போர் உளர். சிகிச்சை முடிந்தோரைக் காணச் செல்லும் பணியாளர், புண் உண்டா என்று பார்ப்பதோடு நில்லாமல், இரவில் உறக்கம் வருகிறதா என்றும் வினவுதல் வேண்டும்.