ஏ.சி போட்டதும் ஃபேன் ஸ்லோ ஆகுதா? ஸ்டெபிலைசர் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

வாட்டர் ஹீட்டரையோ ஏ.சி-யையோ ஆன் பண்ணினதும் ஃபேன் சோர்ந்து போகுது, டியூப்லைட் ஒரு முறை கண் சிமிட்டுது. 'எங்க ஏரியாவுல எப்பவுமே லோ வோல்டேஜ்தாங்க' என்று இ.பி-யைத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால், குறை தெருவில்தான் இருக்கிறதா? அது உங்கள் வீட்டுச் சுவருக்குள்ளேயும் இருக்கலாம். அப்படி இருந்தால், அது வெறும் தொல்லை இல்லை. தீ விபத்துக்கான முன்னறிவிப்பு.

முதலில் அளந்து பாருங்கள்

நம் வீடுகளுக்கு வர வேண்டியது 230 வோல்ட். இதில் 6 சதவிகிதம் கூடலாம், குறையலாம். அதாவது, சுமார் 216 முதல் 244 வோல்ட் வரை ஓகே.

இதை அளக்க, பிளக் பாயின்ட்டில் செருகும் டிஜிட்டல் வோல்ட்மீட்டர் போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டெஸ்டரை நம்ப வேண்டாம். கரன்ட் வருதா, இல்லையா என்பதை மட்டும்தான் அது சொல்லும். எத்தனை வோல்ட் என்று சொல்லாது. எல்.இ.டி பல்பை வைத்தும் முடிவு பண்ணாதீர்கள். பல எல்.இ.டி பல்புகள் வோல்டேஜ் நன்றாகக் குறைந்தாலும் அதே வெளிச்சத்தோடு எரியும்.

இப்போ டெஸ்ட். ஹீட்டர், ஏ.சி, மோட்டார் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஹீட்டரை ஆன் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். சில இ.பி மீட்டர்களின் டிஸ்ப்ளேயிலும் வோல்டேஜ் மாறி மாறி வரும். அந்த எண்ணையும் அதே நேரத்தில் பாருங்கள்.

ரீடிங் என்ன சொல்லுது?

* மீட்டரிலும் குறைகிறது, பக்கத்து வீட்டிலும் குறைகிறது: டிரான்ஸ்ஃபார்மர் லோடு அல்லது தெரு லைன் பிரச்னை. இ.பி-தான் சரிசெய்ய வேண்டும்.
* மீட்டரில் குறைகிறது, பக்கத்து வீட்டில் நார்மல்: போஸ்ட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரில் லூஸ் இருக்கலாம். இதுவும் இ.பி வேலைதான். மீட்டர் சீலில் நீங்கள் கை வைக்காதீர்கள்.
* மீட்டரில் சரியாக இருக்கிறது, வீட்டுக்குள் மட்டும் 15, 20 வோல்ட் விழுகிறது: கோளாறு உங்கள் வயரிங்கில். மெயின் போர்டு, எம்.சி.பி, ஸ்விட்ச் பாக்ஸ் என ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது.
* எப்போதுமே ஒரே ஒரு ஃபேன் மட்டும் ஸ்லோ: வோல்டேஜைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும்.

லூஸ் கனெக்‌ஷன் ஏன் ஆபத்து?

2,000 வாட்ஸ் ஹீட்டர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். வழியில் ஒரு ஜாயின்ட் தளர்ந்து, அங்கே வெறும் 1 ஓம் தடை உருவானால், 9 வோல்ட் அங்கேயே காணாமல்போகும். எங்கே போகிறது? சூடாக மாறுகிறது. ஏறக்குறைய 80 வாட்ஸ். சால்டரிங் அயர்ன் ஒன்றை ஸ்விட்ச் பாக்ஸுக்குள் வைத்து மூடின மாதிரி!

'அதான் எம்.சி.பி இருக்கே' என்பீர்கள். கரன்ட் அளவு கூடினால்தான் எம்.சி.பி ட்ரிப் ஆகும். இங்கே கரன்ட் கூடவே இல்லை. அதனால் அது சும்மாதான் இருக்கும்.

சரி, ஸ்டெபிலைசர்? அது வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்க, வயரிலிருந்து இன்னும் அதிக கரன்ட்டை இழுக்கும். தளர்ந்த ஜாயின்ட் இன்னும் சூடாகும். உண்மையிலேயே இ.பி லைனில் வோல்டேஜ் குறைவு என்றால் ஸ்டெபிலைசர் உதவும். வயரிங் கோளாறுக்கு அது மருந்து இல்லை.

உடனே மெயினை ஆஃப் பண்ணுங்க!

சில லைட்டுகள் மங்கலாகவும், சில லைட்டுகள் வழக்கத்தைவிடப் பளீரென்றும் எரிந்தால் காத்திருக்காதீர்கள். த்ரீ பேஸ் இணைப்பில் நியூட்ரல் கட்டாகியிருக்கலாம். அப்போது சில பாயின்ட்டுகளில் 300 வோல்ட்டைத் தாண்டியும் ஏறலாம், டி.வி, ஃபிரிட்ஜ் எல்லாம் காலி. மெயினை ஆஃப் செய்துவிட்டு, மின்னகம் எண்ணான 94987 94987-க்கு போன் போடுங்கள். 24 மணி நேரமும் புகார் எடுப்பார்கள்.

கருகல் வாசனை, மஞ்சளாகிப்போன ஸ்விட்ச், தொட்டால் சுடும் பிளக், போர்டுக்குள் 'சர்ர்' சத்தம் - இவற்றில் எது இருந்தாலும் அந்த லைனை ஆஃப் செய்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எலெக்ட்ரீஷியனிடம் என்ன கேட்கணும்?

'வோல்டேஜ் கம்மியா இருக்கு' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். 'ஹீட்டர் போட்டா 228-லேர்ந்து 205-க்கு இறங்குது, மீட்டர்ல இறங்கலை' என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. எல்லா டெர்மினல் ஸ்க்ரூக்களையும் டைட் செய்யச் சொல்லுங்கள். நியூட்ரல் பக்கத்தையும் விடாமல் பார்க்கச் சொல்லுங்கள். கருகின வயர் முனையை வெட்டிவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும். ஏ.சி, ஹீட்டருக்குத் தனித்தனி லைன் இருக்கிறதா, வயர் போதுமான தடிமனா என்றும் கேளுங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடிமனான கம்பியைச் சுற்றிவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வாடகை வீடா? ஹீட்டர் ஆஃப், ஹீட்டர் ஆன் - இரண்டு ரீடிங்கையும் ஒரே வீடியோவாக எடுத்து ஹவுஸ் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். 'ஃபேன் ஸ்லோவா ஓடுது சார்' என்றால் 'அப்புறம் பார்க்கலாம்' என்பார். 'சுவருக்குள்ள வயர் சூடாகுது சார்' என்று ஆதாரத்தோடு சொன்னால், அவ்வளவு சுலபமாகத் தள்ளிப்போட முடியாது.