தாறுமாறான துடிப்புக்கு ஒரு சோடா ஊசி

சர்க்கரையால் வரும் கால் எரிச்சலுக்கு, ஒற்றைத் தலைவலிக்கு, தூக்கம் கெடுக்கும் நரம்பு வலிக்கு என்று "ராத்திரி ஒண்ணு" எழுதித் தரப்படும் மாத்திரை அமிட்ரிப்டிலின். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை வந்து 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கும் பெரியவர்களின் பைகளிலும் அது இருக்கக்கூடும். 'நரம்பு மாத்திரை' என்றே அவர்களுக்குத் தெரியும். உண்மையில் அது மனச்சோர்வுக்காக வந்த மருந்து. 1957-ல் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ரோலண்ட் குன் உலகுக்குச் சொன்ன இமிப்ரமினின் உறவுக்காரன். இரண்டும் 'ட்ரைசைக்ளிக்' வகை.

சொன்ன அளவில் சாப்பிட்டால் நல்ல மருந்து, விலையும் குறைவு. அளவு மீறி உள்ளே போனாலோ, பேரக்குழந்தை மிட்டாய் என்று நினைத்து விழுங்கிவிட்டாலோ, இதயத்தின் மின்னோட்டத்திலேயே கை வைத்துவிடும். இதயத் தசை ஒவ்வொரு முறை சுருங்கவும் அதன் செல்களுக்குள் சோடியம் பாய வேண்டும். கூட்ட நாளில் கோபுர வாசலில் ஆட்கள் நெருக்கியடித்து நின்றால் யாரும் நகர முடியாதல்லவா? சோடியம் நுழையும் வாசல்களை இந்த மருந்து அப்படி அடைத்துக்கொள்கிறது. மின்தூண்டல் பரவத் தாமதமாகிறது. ரத்த அழுத்தம் இறங்குகிறது, வலிப்பு வரலாம். முற்றினால் துடிப்பு தாறுமாறாகிவிடும்.

எவ்வளவு ஆபத்து என்று அறிய ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கத் தோன்றும். அதற்கான ஆய்வகம் எல்லா ஊரிலும் கிடையாது. தேவையும் இல்லை என்பதுதான் சுவாரசியம். 49 நோயாளிகளைக் கவனித்த அமெரிக்க மருத்துவர்கள் போனெர்ட்டும் லவ்ஜாயும், ரத்த அளவைவிட ஈ.சி.ஜி. தாளே நன்றாக எச்சரிக்கிறது என்று 1985-ல் எழுதினார்கள். அந்தத் தாளில் சின்னக் கட்டம் ஒன்று 0.04 நொடி. இதயக் கீழறைகள் சுருங்குவதைக் காட்டும் க்யூ.ஆர்.எஸ். கூர்முனை சாதாரணமாக இரண்டரைக் கட்டத்துக்குள் அடங்கும். அதைத் தாண்டினால் வலிப்பு வரலாம். நான்கு கட்டத்தைத் தொட்டால் துடிப்பு குலையும் அபாயம் அதிகம். செங்கத்திலோ போளூரிலோ பணியில் இருக்கும் இளம் மருத்துவர்கூட எண்ணிப் பார்த்துவிடலாம்.

சிகிச்சை இன்னும் எளிமை: சோடியம் பைகார்பனேட். ஆப்ப சோடாவும் வேதியியலில் இதுவேதான். 1973-ல் மெல்போர்ன் குழந்தைகள் மருத்துவமனையின் மயக்கவியலாளர் கெஸ்டர் பிரவுனும் சகாக்களும் இதன் பலனை விவரித்தார்கள். ரத்த நாளத்தில் ஏற்றும்போது சோடியம் கூடி, அடைபட்ட வாசல்களில் மருந்தின் பிடி தளர்கிறது. ரத்தத்தின் காரத்தன்மை உயர்வதும் அதற்குத் துணை. அகன்ற கூர்முனை பைகார்பனேட் ஏற ஏறக் குறுகுவதைத் திரையிலேயே பார்க்க முடியும். ரத்தத்தின் பி.எச். 7.45-க்கும் 7.55-க்கும் இடையில் நிற்கும்படி பார்த்துக்கொள்வார்கள். பொட்டாசியம் இறங்காமலும் கவனிப்பார்கள். வீட்டில் ஆப்ப சோடாவைக் கரைத்துக் குடிக்க வைத்தால் இந்தப் பலன் வராது, கெடுதல்தான் வரும்.

துடிப்பைச் சீராக்க வழக்கமாகக் கை போகும் அமியோடரோன், பீட்டா பிளாக்கர் போன்றவை இங்கே நிலைமையை மோசமாக்கலாம். எஸ்சிட்டலோபிராம் போன்ற புதிய மனச்சோர்வு மருந்துகளின் வழி வேறு: அவை ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளியை நீட்டுகின்றன, அதனால் துடிப்பு பிறழ்ந்தால் மெக்னீசியம் ஏற்ற வேண்டியிருக்கும். எந்த மாத்திரை என்று தெரிந்தால் மருத்துவர் தேட வேண்டியதில்லை. காலி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

சிகிச்சை இவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் உயிர் போகிறதென்றால், பெரும்பாலும் வழியில் தொலைந்த நேரம்தான் காரணம் என்பேன். முதலில் ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். சில மணி நேரத்துக்குள் நிலைமை தலைகீழாகும். "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் வைத்துக்கொள்வதும், உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் தப்பு. மயக்கத்திலோ வலிப்பிலோ வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும்.

மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். யாராவது அதிகமாக விழுங்கியது தெரிந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். மனம் உடைந்திருப்பவர்கள் 104-லும், 'டெலி மானஸ்' சேவையின் 14416-லும் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.