ஓடும் கால், நிற்கும் கால்

நடக்கும்போது இரு பாதங்களும் சிறிது நேரமாவது ஒருசேரத் தரையில் இருக்கும். ஓடும்போது அப்படியில்லை. ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசையை ஒரு கால்தான் தாங்குகிறது. விரைந்தோடும் சிறுவனின் முழங்கால் எப்படி மடங்குகிறது என்பதை வெறுங்கண்ணால் காண்பது அரிது. ஆகவே பயிற்சியாளர் அவனை ஒற்றைக்காலில் நிற்கவைத்து, மெல்லப் பாதியளவு உட்காரச் சொல்கிறார். முழங்கால் பெருவிரலைத் தாண்டி உட்புறம் சாய்கிறதா? மறுபக்க இடுப்பு தாழ்கிறதா? அவ்வாறாயின் இடுப்பின் பக்கத் தசை வலுக்குறைந்திருக்கலாம். இடுப்பு மூட்டு நழுவிய நோயாளிகளிடம் இத்தாழ்வை டிரெண்டலென்பர்க் என்னும் ஜெர்மன் அறுவை மருத்துவர் 1895-லேயே விளக்கியிருக்கிறார்.

அமெரிக்கரான கிரே குக், லீ பர்ட்டன் ஆகியோர் வகுத்த சோதனையில் 7 அசைவுகள் உண்டு. மொத்த மதிப்பெண் 21. (வியப்பு என்னவெனில், அவற்றில் ஓட்டமே இல்லை!) 14-ம் அதற்குக் கீழும் பெற்றவர்களுக்குக் காயம் நேரும் வாய்ப்பு மிகுதி என 2007-இல் ஓர் ஆய்வு கூறிற்று. பின்வந்த பல ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. எனவே மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஒரு சிறுவனை அணியிலிருந்து நீக்குவது தவறு. எந்தத் தசைக்குப் பயிற்சி தேவை என்பதை அறியவே சோதனை உதவும். வளரும் பருவத்தில் கால் எலும்புகள் விரைந்து நீள்வதால், சில மாதங்களுக்கு ஒருமுறை அதனை மீண்டும் செய்து பார்க்கவேண்டும்.