குன்றுக்குப் போனோரும் வாயிலை மூடினோரும்

கி.மு. 494ஆம் ஆண்டிலே உரோமாபுரியில் விந்தையானதொரு கிளர்ச்சி நிகழ்ந்தது. கிளர்ந்தெழுந்தோர் எவரையும் தாக்கவில்லை, எதனையும் எரிக்கவில்லை. படைக்கலம் தாங்கிய அக்குடிமக்கள், தலைவர்களின் ஆணையை எதிர்பாராது நகரை விட்டு நீங்கி, ஏறக்குறைய மூன்று மைல் தொலைவில், அனியோ ஆற்றுக்கு அப்பாலிருந்த குன்றொன்றில் பாளையமிட்டுப் பேசாதிருந்தனர்.

அவர்கள் பிளெபியர் எனப்பட்ட பொதுமக்கள். ஆட்சியும் சமயச் சடங்குகளும் சட்டமும் பத்திரீசியர் எனப்பட்ட உயர்குடியினர் கையிலிருந்தன. உழவன் போருக்கு அழைக்கப்பட்டான். அவன் வயல் தரிசாய்க் கிடந்தது. மீண்டு வந்தவன் கடன்பட்டான். கடனை இறுக்க வழியற்றபோது, கொடுத்தவனுக்கு உடலாலே அடிமையானான். நாட்டைக் காத்தவனுக்கு நாடு அளித்த பரிசு விலங்குதான்.

இவ்வரலாற்றை விரித்துரைக்கும் லிவி என்பார் நானூறாண்டுகளுக்கு மேற்பட்ட பின் எழுதியவர். ஆதலின் அவர் கூறும் நுணுக்கங்களை எல்லாம் இன்றைய அறிஞர் அப்படியே ஏற்பதில்லை. சமாதானம் பேசச் சென்ற மெனெனியஸ் அகிரிப்பா, வயிற்றோடு பகைத்த உறுப்புகள் தாமே மெலிந்த கதையைச் சொல்லி மக்களை இணங்கச் செய்தார் என்பது அவற்றுள் ஒன்று. கதை இனியதே. எனினும், ஒரு கதையைக் கேட்டு மக்கள் மூட்டை கட்டித் திரும்பினர் என்று கொள்வது அவர்தம் அறிவைக் குறைத்து மதிப்பதாகும். அவர்கள் கேட்டது கதையன்று, பதவி.

அப்பதவியே திரிபியூன். பிளெபியர் மட்டுமே அதனை வகிக்கலாம். அதிகாரி ஒருவன் ஏழையொருவனைப் பிடித்திழுக்கும்போது, திரிபியூன் குறுக்கே நின்று தடுக்கலாம். அவர் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்திருத்தல் வேண்டும். அவருக்குப் படையில்லை; அவரைத் தீண்டியவனை உயிரோடு விடுவதில்லை என்று பொதுமக்கள் செய்த சபதம் ஒன்றே அவருக்குக் காவல். லிவி கூறும் உடன்படிக்கையிலே கடன் தள்ளுபடி பற்றிய பேச்சே இல்லை என்பது கருதத்தக்கது. கடனடிமை முறை ஒழிந்தது கி.மு. 326இலே என்கிறார் அவர். அதற்கிடையில் கலப்பு மணத்துக்கிருந்த தடை கி.மு. 445இல் நீங்கியது, கி.மு. 367இல் உயர் பதவியாகிய கொன்சல் பதவி பொதுமக்களுக்குத் திறந்தது, பின்னர் கி.மு. 287இல், மற்றொரு வெளியேற்றத்தின் பின், பொதுமக்கள் அவையின் தீர்மானம் அனைவரையும் கட்டுப்படுத்தும் சட்டமாயிற்று. இருநூறாண்டுப் போராட்டத்துக்கு முதற்படி, தம்மைக் காக்க ஒரு நிலையான கருவியைப் பெற்றமையே.

நம் காலத்துக் கிளர்ச்சி ஒன்றை இதனருகே வைத்துப் பார்க்கலாம். 1970 டிசெம்பரில் போலந்து நாட்டின் பால்டிக் கரையோரத் தொழிலாளர், விலையேற்றத்தை எதிர்த்து வீதியில் இறங்கினர். துப்பாக்கிச் சூட்டிற் பலர் மாண்டனர். அப்பாடத்தை அவர்கள் மறக்கவில்லை. 1980 ஓகஸ்ட் 14ஆம் நாள் கடான்ஸ்க் நகரின் லெனின் கப்பல் கட்டுந்தளத்திலே வேலைநிறுத்தம் தொடங்கியபோது, ஒருவரும் வீதிக்குச் செல்லவில்லை. வாயிலை மூடிக்கொண்டு உள்ளேயே தங்கினர். உரோமர் வெளியேறி நின்றனர். இவர்கள் வெளியேற மறுத்து நின்றனர். இரண்டும் ஒன்றே: உழைப்பை நிறுத்திவிட்டால் ஆள்வோரின் கை தானே தளரும்.

பாரந்தூக்கி இயக்குநரான அன்னா வலென்டினோவிச் என்ற பெண்மணி வேலைநீக்கம் செய்யப்பட்டமையே உடனடிக் காரணம். அவரை மீள அமர்த்தவும் ஊதியத்தை உயர்த்தவும் மூன்றாம் நாளே நிருவாகம் இசைந்தது. பலர் வீட்டுக்குப் புறப்பட்டனர். அப்பொழுது, பிற தொழிற்சாலைகளில் இன்னும் நிற்போரைக் கைவிடலாகாதென்று வாயிலிலே நின்று தடுத்தவர்களுள் அன்னாவும் ஒருவர். அடுத்து எழுந்த இருபத்தொரு கோரிக்கைகளில் முதலிடம் பெற்றது ஊதியமன்று. அரசையும் கட்சியையும் சாராத தொழிற்சங்கம். ஓகஸ்ட் 31இல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 'ஒருமைப்பாடு' எனப் பெயர் பூண்ட அச்சங்கம் 1981 டிசெம்பரில் இராணுவச் சட்டத்தால் ஒடுக்கப்பட்டது. மறைவிலே உயிர் தாங்கி, 1989இல் மீண்டும் சட்டப்படி எழுந்து, அவ்வாண்டுத் தேர்தலிலே வெற்றியும் கண்டது. ஊதிய உயர்வோடு வீடு சென்றிருந்தால், விலையேற்றம் அதனைச் சில மாதங்களில் விழுங்கியிருக்கும்.

பெற்ற கருவி என்றும் பெற்றவர் கையிலேயே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கி.மு. 23இல் அகஸ்தஸ் திரிபியூனின் அதிகாரத்தை வாழ்நாள் உரிமையாகப் பெற்றார். பத்திரீசியராதலின் அப்பதவியை அவர் வகிக்க இயலாது. ஆகவே பதவியை விடுத்து, அதன் அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்வந்த பேரரசரும் தம் ஆட்சியாண்டுகளை, குன்றிலே ஏழைகள் பெற்ற அவ்வதிகாரத்தைக் கொண்டே எண்ணி வந்தனர்.