பிச்சைக்கு உதவாத கைகள்

திருவண்ணாமலையில் அடி அண்ணாமலை வழியாகப் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கில் ஜனம் கிரிவலம் போவது 1990-களுக்குப் பிறகு பெருகிய வழக்கம். அதற்கு முன்பு பெருங்கூட்டம் என்றால் கார்த்திகை தீபம்தான். அந்தக் காலத்தில் பாதையோரம் துணி விரித்து உட்கார்ந்திருந்தவர்களில் தொழுநோயாளிகளும் இருப்பார்கள். விரல்கள் உள்ளுக்குள் மடங்கி, நுனி தேய்ந்துபோன கைகள். காசை யாரும் அந்தக் கையில் வைக்க மாட்டார்கள். தள்ளி நின்று துணியில் போடுவார்கள். ஆனாலும் அந்தக் கைதான் அவர்களுக்குப் பிழைப்பு. கோணல் கூடக் கூடக் காசும் கூடும்.

இந்தக் கொடுமையான கணக்கை நேருக்கு நேர் சந்தித்தவர் டாக்டர் பால் பிராண்ட். மிஷனரிப் பெற்றோருக்கு 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் முதலில் படித்தது மருத்துவம் அல்ல, கட்டடத் தொழில். தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்ற பிறகே மருத்துவக் கல்லூரிக்குப் போனார். 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு வருடம் செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, அங்கிருந்தவர்களின் மடங்கிய விரல்களைப் பிடித்துப் பார்த்தார். சில தசைகள் செயலிழந்திருந்தன. வேறு சில தசைகளின் பிடி இரும்பாக இருந்தது. நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலோடு இணைத்தால் என்ன? 1948-லிருந்து அப்படி அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். விரல்கள் நிமிர்ந்தன.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் என்னை உலுக்குவது. குணமாகிப் போனவர்கள் திரும்பி வந்து முறையிட்டார்கள். நிமிர்ந்த கையைப் பார்த்து யாரும் இரங்குவதில்லை, பிச்சை விழுவதில்லை. வேலையும் யாரும் தருவதில்லை, தங்க இடமும் இல்லை. கையைச் சரிசெய்து ஒருவரைப் பட்டினியில் தள்ளியிருக்கிறோம் என்று புரிந்தபோது பிராண்ட் வேறு நோயாளியைத் தேடிப் போகவில்லை. கல்லூரி வளாகத்திலேயே மண்சுவர்க் குடிசைகள் எழும்பின. நவஜீவ நிலையம் என்று அதற்குப் பெயர். அங்கே அவர்கள் மரப்பொம்மைகள் செய்யப் பழகினார்கள். தச்சுப் பட்டறையில் டாக்டரும் கூட நின்றார்.

அந்தப் பட்டறைதான் மருத்துவத்துக்கே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று திறக்க மறுத்தது. நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். அவன் கையிலிருந்து ரத்தம் சொட்டியது. சாவி சதையைக் கிழித்து எலும்பு வரை போயிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. விரல் தானாக அழுகி விழுகிறது என்றே அதுவரை நம்பியிருந்தார்கள். உண்மையில் வலி தெரியாத கையைச் சூடான பாத்திரமும் கூர்மையான உளியும் தினம் தினம் காயப்படுத்திக்கொண்டிருந்தன. அன்று முதல் ஒவ்வொரு காயத்துக்கும் விசாரணை நடந்தது: எந்தக் கருவி, எந்தப் பிடி? ராத்திரி தூக்கத்தில் எலி கடித்தும் விரல் போகிறது என்று கண்டுபிடித்து, வீட்டுக்குப் போகிறவர்களிடம் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

இயேசு தொழுநோயாளியைத் தொட்டார் என்று எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அவர் தச்சர் என்பதைப் பேசுகிறவர்கள் குறைவு. வேலூரில் அந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. செருப்புத் தைப்பவரின் வேலையும் கடவுள் அழைத்த வேலைதான் என்பது மார்ட்டின் லூதரின் போதனை. லூத்தரன் சபையைச் சேர்ந்த டேனிஷ் மிஷனரிகள் திருவண்ணாமலைக்கும் வந்தார்கள். ஊருக்குள் டேனிஷ் மிஷன் பள்ளி இன்றும் அவர்கள் பெயரைச் சொல்கிறது. இருந்தும் ஊழியம் என்றால் பிரசங்க மேடை, மிஞ்சினால் பள்ளியும் ஆஸ்பத்திரியும் என்ற நினைப்பு நம் சபைகளை விட்டுப் போகவில்லை. பட்டறை அந்தப் பட்டியலில் வருவதே இல்லை.

அதே வேலூரின் டாக்டர் மேரி வர்கீஸையும் சொல்ல வேண்டும். 1954-ல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். கைகள் நன்றாக இருந்தன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாடு போய்ப் பயிற்சி பெற்று வந்து, 1960-களில் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கென்றே துறையை வளர்த்தார். தான் இழந்ததையே தன் தொழிலாக ஆக்கிக்கொண்டவர் அவர்.

இன்று கிரிவலப் பாதை அகலமாகி, விளக்குகளும் டீக்கடைகளும் நிறைந்துவிட்டன. மடங்கிய விரல்களோடு இருப்பவர்களை அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது. அவர்களும் பெரும்பாலும் முதியவர்கள். இந்த மாற்றத்தில் பெரும்பங்கு மாத்திரைகளுக்கு. கூட்டு மருந்து சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்தது. ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் நோய் தீர்ந்துவிடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 1898-ம் வருடத்துத் தொழுநோயாளர் சட்டம் 2016-ல்தான் ரத்தானது. விவாகரத்துக்குத் தொழுநோயைக் காரணமாகக் காட்டலாம் என்ற சட்டப் பிரிவுகள் 2019-ல் நீக்கப்பட்டன. ஆனால் நோய் ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உலகில் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான்.

மருந்து அரசாங்கத்தின் கைக்குப் போனது நல்லது. அது அங்கேதான் இருக்க வேண்டும். நவஜீவ நிலையத்தின் வேலை மட்டும் இன்னும் முடியவில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டம் வடதொரசலூரில் லெப்ரசி மிஷன் ஒரு தொழிற்பயிற்சி மையம் நடத்துகிறது. நோயிலிருந்து மீண்டவர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே கைத்தொழில் கற்கிறார்கள். தேர்ச்சி பெற்ற பிறகு வேலைக்கு மனுப் போடும்போது, தொழுநோயாளர் குடியிருப்பின் விலாசத்தை எழுதலாமா, உறவினர் வீட்டு விலாசத்தைக் கொடுக்கலாமா என்ற தயக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இன்னும் இருக்கிறது. அதற்கு மாத்திரை கிடையாது. நம் சபைகளில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள், தையல் கம்பெனி நடத்துபவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்த விலாசத்தைப் படித்துவிட்டு, திங்கட்கிழமை வேலைக்கு வா என்று அவர்கள் சொன்னால் போதும்.