கரியின் கதை – 9: பீலிக்கரைக்கு வரவேண்டிய காரீயம்

கேகாலை மாவட்டத்துப் போகல சுரங்கத்தின் ஆழத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அங்கே பாறை வெடிப்புகளில் நரம்பாக ஓடும் காரீயத்தில், அதாவது கிராபைட்டில், பெரும்பாலும் 95 சதவீதத்துக்கு மேல் காபன். அதே மாவட்டத்து றப்பர்த் தோட்டங்களில் பல லயத்துக் குடும்பங்கள் இன்றும் குடிப்பது, மலை ஊற்றிலிருந்து பீலிக்கு இறங்கும் தண்ணீரை. அந்தக் காரீயம் இந்தத் தண்ணீரைச் சுத்தமாக்குமா?

இரசாயனம் ‘ஆம்’ என்கிறது. கிராபைட்டைக் கந்தகவமிலமும் பொற்றாசியம் பரமங்கனேற்றும் கொண்டு ஒட்சியேற்றினால் அடுக்குகள் பிரிந்து, மிக மெல்லிய ஏடுகளாகும். அதுதான் கிராபீன் ஒட்சைட்டு. 1958இல் ஹம்மர்ஸும் ஒஃபெமனும் வெளியிட்ட இந்த வழி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஏட்டிலுள்ள ஒட்சிசன் கூட்டங்கள் ஈயம் போன்ற உலோக அயன்களைப் பற்றிக்கொள்ளும். அதன்மேல் வெள்ளி நனோத் துணிக்கைகளைப் பதித்தால் பற்றீரியாவும் சாகும். வெள்ளி அயன் கிருமியின் மென்சவ்வைக் குலைத்து, நொதியங்களின் கந்தகப் பகுதியில் ஒட்டி அவற்றை முடக்குகிறது. ஹோமாகமவிலுள்ள இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகம், ஸ்லின்டெக், நம் காரீயத்திலிருந்தே கிராபீன் ஒட்சைட்டு தயாரிக்கும் முறையை வளர்த்திருக்கிறது.

சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. அநுராதபுரப் பக்கத்தில் புளோரைட்டு என்றால், சபரகமுவைத் தோட்டங்களில் கிருமியும் சேறும். மழை பிடித்தால் ஊற்றுக்கு மேலே உள்ள சரிவின் மண்ணும் சாணமும் கழிவும் சேர்ந்து பீலி செந்நிறமாக ஓடும். ஆய்வுகூடத்தின் தெளிந்த நீரில் நன்றாக வேலை செய்யும் வெள்ளி இங்கே தடுமாறும். நீரிலுள்ள சேதனப் பொருளும் உப்பும் அதன்மேல் படிந்து, அயன் கசிவதை அடைத்துவிடும்.

சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப்பின் குழு 2013இல் வெளியிட்ட வேலையை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். அவர்கள் இந்தப் படிவிலிருந்தே தொடங்கினார்கள். அலுமினியச் சேர்வையும் கைற்றோசானும் கலந்த மணிகளுக்குள் வெள்ளியைப் பொதித்து, லீற்றருக்குச் சுமார் 40 மைக்ரோகிராம் மட்டும் சீராகக் கசியச் செய்தார்கள். உலக சுகாதார நிறுவனம் தாங்கத்தக்கது என்று சொல்லும் அளவு 100. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுச் செலவு ஏறத்தாழ 2.5 அமெரிக்க டொலர் என்று கணக்கிட்டார்கள்.

போகலக் காரீயத்துக்கும் இப்படிப்பட்ட பரீட்சை வேண்டும். ஜூன் மாத மழையில் பீலியில் பிடித்த கலங்கல் நீரே அதற்கு மாதிரியாகட்டும். சேற்றை முதலில் மணல் வடிகட்டி தடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த நனோ வடிகட்டியும் சில நாட்களில் அடைபடும். வடிகட்டியின் ஆயுள் தீர்ந்ததும் அதை மாற்றுவதற்கான காசை நாட்சம்பளக் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது. தோட்ட நிர்வாகமும் அரசும் பொறுப்பேற்காத திட்டத்தை நான் திட்டமாகவே ஏற்கமாட்டேன். அதுவரை தண்ணீரை வடித்து, நன்றாகக் கொதித்த பின்பும் ஒரு நிமிடம் அடுப்பில் விட்டுக் குடிப்பதே வழி.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. கிராபீன் ஒட்சைட்டைக் கழுவவே ஏராளமான தண்ணீர் செலவாகிறது. கழுவி வரும் அமிலமும் மங்கனீசும் எங்கே போகின்றன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.