கறுப்புக் கோட்டில் தொடங்கும் கிழிசல்

நகைக்கும் பத்திரத்திற்கும் நாம் பெட்டகம் தேடுகிறோம். பாட்டியின் கூறைப்புடவைக்கும் கோயில் திரைச்சீலைக்கும் அத்தகைய கவனம் கிடைப்பதில்லை. நூலிழைகள் ஒளியாலும் ஈரத்தாலும் நாளும் நலிவடைகின்றன. அந்நலிவின் வேகத்தைக் குறைப்பதே பழந்துணிப் பாதுகாப்பு வல்லுநரின் பணி.

குடுபல்லி, குப்பம் வட்டார வாடிக்கையாளர்களுக்கு ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரி அறிமுகமானதே. முன்னர்ச் சித்தூர் மாவட்டத்திலும் 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கிய அவ்வூரில், கடுக்காய்ச் சாறும் பாலும் ஊட்டிய பருத்தித் துணியில் மூங்கில் எழுதுகோலால் இதிகாசக் காட்சிகளைத் தீட்டுகின்றனர். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்துப் பெறும் கரைசல், கடுக்காயின் துவர்ப்புப் பொருளுடன் கூடிக் கறுப்பு நிறமாகிறது.

அழகு தரும் அக்கறுப்பே துணிக்குப் பகையுமாகிறது. அதிலுள்ள இரும்பு, காற்றும் ஈரமும் துணைசெய்யப் பருத்தி இழையை மெல்ல அரிக்கிறது. ஆதலால் பழைய கலம்காரிகளில் கறுப்புக் கோடுகள் முதலில் இற்றுப்போவதைக் காண்கிறோம். இற்ற இழையை மீண்டும் வலுப்பெறச் செய்ய இயலாது.

எனவே வல்லுநர் முதலில் துணியின் நிலையைப் படங்களுடன் பதிவு செய்கிறார். மெல்லிய வலையை விரித்து, அதன்மேல் குறைந்த விசையுடன் தூசியை உறிஞ்சி எடுக்கிறார். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துளி நீர் வைத்து, சாயம் கசிகிறதா எனச் சோதித்த பின்னரே நனைப்பதா வேண்டாமா என முடிவு செய்கிறார். கிழிந்த இடத்தின் பின்புறம் ஒத்த நிறத் துணியைத் தாங்கலாக வைத்து, நுண்ணிய நூலால் தைக்கிறார். பின்னொரு நாள் மூலத்துணிக்கு ஊறின்றி அத்தையலைப் பிரிக்க முடிய வேண்டும் என்பது இத்தொழிலின் விதி.

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில், 1947 ஆகஸ்ட் 15 அன்று அக்கோட்டையில் ஏற்றப்பட்ட பட்டு மூவர்ணக் கொடி 2013 முதல் காட்சியில் உள்ளது. காற்றுப்புகாப் பேழை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், மங்கலான விளக்கு ஆகியவை அதனைக் காக்கின்றன. ஒளியால் வெளுத்த நிறம் மீளாது என்பதால், இத்தகைய துணிகளுக்கு 50 லக்ஸ் அளவு ஒளியே போதுமென அருங்காட்சியகங்கள் வரையறுக்கின்றன.

இல்லத்திலும் சில நெறிகளை நாம் கைக்கொள்ளலாம். பட்டுப்புடவையைத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம். நெகிழிப்பை ஈரத்தை உள்ளே தேக்கிவிடும். ஆண்டுக்கு இருமுறையேனும் நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை இடம் மாற்ற வேண்டும். பாச்சை உருண்டை சரிகையைத் தொடலாகாது. கலம்காரி ஓவியத்தை வெயில் படும் சுவரில் மாட்டுதல் கூடாது. கறுப்புக் கோட்டில் விரிசல் கண்டால் ஒட்டுநாடாவோ பசையோ இடாமல், துணியைத் தட்டையாக வைத்து வல்லுநரிடம் காட்டுவதே நலம்.